உறுமும் வெள்ளி

கிரெஸ்டன், நார்ஃபோக்
ஆகஸ்ட் 21, 2017

அன்புள்ள தம்பி டெஸ்மண்ட்,

நானும் ஹேசலும் நலம். ஆபரேஷன் செய்து வைத்த உன் புது இடுப்பு எப்படி இருக்கிறது? மகள் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறாள் என்று அப்படியே நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளாதே. டாக்டர் நடக்கச் சொன்னால் நட.

இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டிக் கடிதமா என்று சிரிப்பாய். என்ன செய்வது, தொலைபேசி சரியில்லை. நீ ஸ்காட்லாந்துக்குப் போனதிலிருந்து உன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. பாதி வார்த்தை வழியிலேயே விழுந்துவிடுகிறது. காகிதத்தில் எழுதினால் எதுவும் விழாது.

விஷயத்துக்கு வருகிறேன். விவசாயி அட்டிங் போன வாரம் தன் சேப்பல் வயலில் கோதுமையை அறுத்துவிட்டார். மார்ச்சில் சர்க்கரை பீட்ரூட் விதைக்கும்வரை வயல் எங்களுக்குத்தான். நீயும் நானும் மெட்டல் டிடெக்டரை வீசிப் பழைய காசு தேடி இருபத்திரண்டு வருடம் நடந்த வயல். அதில் பதினான்கு மாதமாக எனக்கு ஒரு காசு கிடைக்கவில்லை. மிகைப்படுத்தவில்லை, ஒன்றுகூட இல்லை. ஆணி வருகிறது, ஈயம் வருகிறது, குதிரை லாடம் வருகிறது. லாடத்தை வைத்து இரண்டு குதிரை கட்டிவிடலாம்.

நம் டிடெக்டர் க்ளப்பில் மால்கம் என்று ஒருவர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார். லெஸ்டரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அட்டிங் இரக்கப்பட்டு அவருக்கும் அனுமதி கொடுத்துவிட்டார். மனிதர் டிடெக்டரின் திரையிலிருந்து கண்ணை எடுப்பதே இல்லை. அவருக்கு மட்டும் வெள்ளியாக வருகிறது. என் திரையின் மேல் நாம் சேர்ந்து ஒட்டிய கறுப்பு டேப் இன்னும் அப்படியே இருக்கிறது. சத்தத்தைக் கேட்காமல் திரையில் வரும் எண்ணைப் பார்த்துத் தோண்டுகிறவன் பஸ் நம்பர் பார்த்து ஏறுகிறவன்தானே.

டிடெக்டரின் அடியில் மாட்டும் காயில் என்னிடம் இப்போது மூன்று இருக்கின்றன. சாசர் அளவில் ஆறு அங்குலத் தட்டு, வழக்கமான ஒன்பது, புதிதாக வாங்கிய பதின்மூன்று. எதை மாட்ட? எந்த செட்டிங் வைக்க? நீதான் அந்தக் கையேட்டையெல்லாம் படிக்கிறவன். விவரமாக எழுது.

வயலும் முன்பு மாதிரி இல்லை. இந்த வசந்தத்தில் ஒரு வானம்பாடிகூடப் பாடவில்லை. அட்டிங் என்ன மருந்தை அடித்தாரோ.

உன் மகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.
உன் அண்ணன்,
நெவில்


விக், ஸ்காட்லாந்து
ஆகஸ்ட் 30

அன்புள்ள அண்ணன் நெவிலுக்கு,

இடுப்பு சுகம். தினமும் துறைமுகம்வரை நடக்கிறேன். கடற்காகங்கள் என் ரொட்டியைப் பிடுங்குகின்றன, மற்றபடி குறையில்லை. உனக்கு ரத்த அழுத்தம் எப்படி?

தொலைபேசியில் என்ன கோளாறு என்று எனக்குப் புரியவில்லை. அண்ணியோடு பத்து நிமிடம் தெளிவாகப் பேசினேன். நீ வாங்கி, "ஹலோ, ஹலோ, யாரு?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டு வைத்துவிட்டாய். நான் உன் தம்பி என்று நாலு முறை சொன்னேன்.

சரி, காயில். சேப்பல் வயலில் பழைய தேவாலயம் இடிந்த பக்கம் ஆணி அள்ளி இறைத்த மாதிரி கிடக்கிறது. பெரிய காயில் ஒரே நேரத்தில் நாலு ஆணியையும் ஒரு காசையும் பார்த்துக் குழம்பிவிடும். அதனால் ஆறு அங்குலத்தை மாட்டு. ஆணிக்கும் காசுக்கும் நடுவில் நுழைந்து பார்ப்பது அதுதான். உணர்திறனை முழுதாக ஏற்றாதே, இருபத்தைந்தில் பதினெட்டு போதும். ஏற்றினால் மின்கம்பிக்கெல்லாம் பதில் சொல்லும். இரும்பை ஒதுக்கும் செட்டிங்கை மிகக் குறைவாக வை. உனக்குத்தான் காது இருக்கிறதே. இரும்பு உறுமும், ஈயம் நடுவில் முனகும், வெள்ளி கிறீச்சென்று கத்தும். முப்பது வருடமாகக் கேட்டதுதான். மெதுவாக வீசு. புல் வெட்டுகிற மாதிரி வீசாதே.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்.
டெஸ்மண்ட்


கிரெஸ்டன்
செப்டம்பர் 17

அன்புள்ள டெஸ்மண்ட்,

அழுத்தமெல்லாம் கட்டுக்குள்தான் இருக்கிறது, இந்த வயலுக்குப் போகாத நாட்களில். நீங்கள் அனைவரும் சுகம் என்று நம்புகிறேன்.

சொன்னபடியே செய்தேன். ஆறு அங்குலம், பதினெட்டு, மெதுவான வீச்சு. மூன்று ஞாயிற்றுக்கிழமை. கிடைத்தது: முப்பத்தொரு ஆணி, ஒரு பூட்டு, ஈயக் குண்டு ஐந்து, ஒரு பெல்ட் கொக்கி.

போன ஞாயிறு நடந்ததைக் கேள். நான் வேலியோரமாக ஒரு வரிசை போய்விட்டேன். மால்கம் எனக்குப் பின்னால் ஐந்து நிமிடம் கழித்து அதே வரிசையில் வந்தார். திரும்பிப் பார்த்தால் குனிந்து தோண்டுகிறார். என் பூட்ஸ் தடத்துக்குள்ளேயே! முதலாம் எலிசபெத் ராணி காலத்து ஆறு பென்ஸ் வெள்ளிக் காசு, முகம்கூடத் தேயவில்லை.

வாயை அசைத்து ஏதோ சொன்னார். எனக்குத் தெரிந்தவரையில், "நெவில், நீங்க இதைத் தாண்டிப் போயிட்டீங்க போல" என்றுதான் இருக்கும். அவர் எப்போதும் வாய்க்குள்ளேயே பேசுகிறவர். அவர் ஓட்டிய பஸ்ஸில் இறங்கும் இடம் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று சந்தேகம்.

ஒரே தடம். ஒரே மண். என் காயில் அந்தக் காசின் மேல் போயிருக்க வேண்டும். போயிருந்தால் கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. எனக்கு மண்டை காய்கிறது.

வீட்டிலும் ஒன்றும் ஒழுங்காக வேலை செய்வதில்லை. இந்த வருடம் இரண்டு கெட்டில் அடி கருகிவிட்டன. விசில் ஊதும் என்று போட்டு விற்கிறார்கள், ஊதுவதில்லை.

அன்புடன்,
நெவில்


விக்
செப்டம்பர் 28

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். மகள் எனக்கு ஒரு நடைக்கோல் வாங்கிக் கொடுத்தாள். அதை வைத்துக் கடற்காகங்களை விரட்டுகிறேன்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஒவ்வொரு முறையும் குழப்பம் கூடியது. புதிதாக உழாத வயலில் ஆறு பென்ஸ் அவ்வளவு ஆழத்தில் இருக்காது. எத்தனை அங்குலத்தில் எடுத்தார்? நான்கு என்றால் உன் சின்னக் காயில் பார்த்திருக்க வேண்டும். எட்டு என்றால் அவர் காயிலும் பார்த்திருக்கக் கூடாது. எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு வரவில்லை.

ஆகவே நான் போன முறை சொன்னதற்கு நேர் எதிராகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதின்மூன்று அங்குலத்தை மாட்டு. ஆணி இல்லாத மேட்டுப் பக்கம் போ. மழைக்கு அடுத்த நாள் போ, ஈர மண்ணில் ஆழம் கூடும். உணர்திறன் இருபத்திரண்டு. ஹெட்போனை மாற்றிப் பார், கம்பி உள்ளே அறுந்திருக்கலாம். அதுவும் சரிவராவிட்டால் கருவியையே பழுது பார்க்க அனுப்பிவிடு.

டேப்பைக் கிழித்துவிட்டு ஒரு நாள் திரையைப் பார்த்தால் என்ன என்றும் தோன்றியது. எழுதிவிட்டேனே தவிர, நீ செய்ய மாட்டாய் என்று தெரியும். நானும் செய்திருக்க மாட்டேன்.

அண்ணியிடம் வேறு கெட்டில் வாங்கச் சொல். தொலைபேசியில் கேட்டபோது பழசு நன்றாகத்தான் ஊதுகிறது என்றாரே?

டெஸ்மண்ட்


கிரெஸ்டன்
அக்டோபர் 22

அன்புள்ள டெஸ்மண்ட்,

இங்கே எல்லோருக்கும் சளி. எனக்கும் லேசாக. அங்கே குளிர் வந்துவிட்டதா?

கருவி பழுது பார்க்கிற இடத்துக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு சீட்டு: "குறை எதுவும் இல்லை. நல்ல நிலையில் உள்ளது." புது ஹெட்போனும் வாங்கினேன். பெரிய காயில், மேட்டுப் பக்கம், மழைக்கு மறுநாள், எல்லாம் செய்தேன். ஈயம். மறுபடியும் ஈயம்.

இதற்கு நடுவில் க்ளப் கூட்டம். மாதத்தின் சிறந்த கண்டெடுப்புக்கு மேசையில் வைப்போமே, அதில் மால்கம் தொடர்ந்து நான்காவது மாதமாக ஜெயித்தார். நான் ஒரு கொக்கியை வைத்திருந்தேன். எனக்கு ஒரே ஒரு ஓட்டு விழுந்தது. அது ஹேசல் போட்டது.

கருவியில் குறை இல்லை. காயிலில் குறை இல்லை. செட்டிங்கில் குறை இல்லை. அப்படியென்றால் மீதி என்ன? இரவெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அந்த ஆள் காசை விலைக்கு வாங்கி வந்து நமது வயலில் போட்டு எடுக்கிறார். என் தடத்திலேயே எடுக்கிறாரே, ஏன்? நான் போன பிறகு போடுவதால்தான். க்ளப்பில் நாம் எதை வேண்டுமானாலும் மன்னிப்போம், இதை மன்னிக்க மாட்டோம் என்று உனக்குத் தெரியும். புதைத்து எடுக்கிறவனுக்கு மேசையிலும் இடமில்லை, எந்த வயலிலும் இடமில்லை.

அட்டிங்கிடம் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்து, சத்தமாகத்தான் பேசினார்: "ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி அடிச்சிக்கிட்டீங்கன்னா, ரெண்டு பேருக்கும் சேர்த்து கேட்டைப் பூட்டிடுவேன்."

பூட்டட்டும். உண்மை வெளியே வரட்டும்.

நெவில்


விக்
அக்டோபர் 31

அன்புள்ள அண்ணனுக்கு,

சளிக்குத் தேனும் எலுமிச்சையும் குடி. விஸ்கியும் சேர்க்கலாம், அண்ணி பார்க்காதபோது.

தயவுசெய்து பொறு. ஒருவர் மேல் இந்தப் பழியைப் போட்டால் திரும்ப எடுக்க முடியாது. அந்த மனிதர் வேறு ஊருக்குத்தான் குடிபோக வேண்டியிருக்கும். கிரெஸ்டனில் அவருக்கு க்ளப்பைத் தவிர யார் இருக்கிறார்கள்? நீயும் அந்த வயலை இழந்துவிடுவாய்.

எனக்கும் எதுவும் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால் முதலிலிருந்து தொடங்குவோம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீயே சொல்லிக்கொடுப்பாயே, அந்தச் சோதனை. தோட்டத்தில் ஆணி இல்லாத இடமாகப் பார். அப்பாவின் 1816 ஷில்லிங் உன்னிடம்தானே இருக்கிறது? அதை நான்கு அங்குலத்தில் படுக்கையாகப் புதை. மேலே ஒன்பது அங்குலக் காயிலை வீசு. வெள்ளி, தெரிந்த ஆழம், தெரிந்த இடம். கத்தினால் கருவி நல்லது. கத்தாவிட்டால் அந்தப் பழுது பார்க்கிற ஆள் பொய் சொல்கிறான். நடந்ததை அப்படியே எழுது. சின்ன விஷயத்தையும் விடாதே.

டெஸ்மண்ட்


கிரெஸ்டன்
நவம்பர் 19

அன்புள்ள டெஸ்மண்ட்,

சளி போய்விட்டது. விஸ்கிக்கு நன்றி.

எதையும் விடாதே என்றாய், விடவில்லை. நேற்று மதியம். ரோஜாச் செடிக்கு இந்தப் பக்கம் குழி. அளவுகோல் வைத்து நான்கு அங்குலம். ஷில்லிங்கைப் படுக்கையாக வைத்து மூடினேன். ஹெட்போன் போட்டு வீசினேன். ஒன்றுமில்லை. கம்பி ரோஜா முள்ளில் மாட்டி இழுத்தது, அதனால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியில் வைத்து வீசினேன். அப்போதும் ஒன்றுமில்லை. பத்து முறை, இருபது முறை. ஆக, கருவி செத்துவிட்டது. அந்தப் பழுது பார்க்கிறவன் பொய்யன்.

இதற்கிடையில் ஹேசல் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தவள், கத்தியோடு வெளியே வந்து நிற்கிறாள். "என்ன நெவில் அது! பூனை வாலை மிதிச்சிட்டியா? நிறுத்து, காது கிழியுது!" என்கிறாள். எந்தப் பூனை? நம் வீட்டில் பூனையே இல்லை. அவளுக்கு வயதாகிறது, இல்லாததெல்லாம் கேட்கிறது. அப்படிச் சொன்னால், "நீ உங்க அப்பா மாதிரியே ஆயிட்டே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இதில் அப்பா எங்கே வந்தார் என்று தெரியவில்லை. நீ எதையும் விடாதே என்றதால் எழுதுகிறேன்.

புதுக் கருவிக்குச் சொல்லியிருக்கிறேன், ஜனவரியில்தான் வரும். ஆனால் கருவி செத்ததும் மால்கம் திருடன் என்பதும் வேறு வேறு விஷயம். டிசம்பர் 14 வியாழக்கிழமை கூட்டத்தில் அவரை நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதிவிட்டேன். முப்பது வருடத்து உறுப்பினன் சொன்னால் கையெழுத்துப் போடாமலா இருப்பார்கள்? இதுவரை ஏழு பேர்.

அனைவருக்கும் அன்பு.
நெவில்


விக்
டிசம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு கடிதம் எழுதித் தூக்கிப் போட்டேன்.

கருவி சாகவில்லை. புதிது வாங்காதே. இங்கே வடக்கில் ஒரு புது வழக்கம் வந்திருக்கிறது. எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள், நன்றாக வருகிறது. எப்படி என்று எழுதுகிறேன், வரிசை மாறாமல் செய்.

ஒன்பது அங்குலக் காயில். உணர்திறன் இருபது. பிறகு ஒலிப் பட்டியலைத் திற. இதற்கு மட்டும் டேப்பைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு உலோகத்துக்கும் எவ்வளவு உயரமான குரல் என்று அங்கே மாற்றலாம். இரும்பின் குரலை உச்சியில் வை. வெள்ளி, செம்பு இரண்டின் குரலையும் கீழே, கடைசிப் படிக்குக் கொண்டுவா. அதாவது எல்லாவற்றையும் தலைகீழாக்கு. பிறகு வயலுக்குப் போய் உறுமுவதை மட்டும் தோண்டு.

14ஆம் தேதிக்கு முன்னால் போ. மனுவை அதுவரை பையிலேயே வைத்திரு.

இரண்டு நாளாக அப்பாவின் நினைவு. கடைசி வருடங்களில் சாப்பாட்டு மேசையில் நாம் சிரித்தால் அவரும் சிரிப்பார், எதற்கு என்று தெரியாமலே. நாம் அதற்கும் சிரித்தோம். ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. விடு.

அண்ணிக்கு என் அன்பு. அவருக்கு வயதாகவில்லை.
டெஸ்மண்ட்


கிரெஸ்டன்
டிசம்பர் 8

டெஸ்மண்ட்,

சுகம்.

உனக்கு அங்கே குளிர் தலைக்கேறிவிட்டதா? உறுமுவதைத் தோண்டவா? முப்பது வருடமாகப் புதியவர்களுக்கு நான் சொல்லித்தரும் முதல் பாடமே, உறுமினால் நகர்ந்து போ என்பதுதான். இரண்டாவது பாடம் கிடையாது. முதலில் சின்னக் காயில், பிறகு பெரிய காயில், இப்போது இரும்பைத் தோண்டு. அடுத்து என்ன, காயிலே இல்லாமல் வெறும் குச்சியோடு போகச் சொல்வாயா?

மனுவில் பதினொரு கையெழுத்து. ஹேசல் என்னோடு பேசுவதில்லை. பேசினாலும் முணுமுணுப்புதான்.

நெவில்


(அஞ்சலட்டை)
விக், டிசம்பர் 11

அண்ணா, எல்லோரும் நலம். ஒரே ஒரு மணி நேரம். 14க்கு முன்னால். நீ தோண்டும் குழியில் ஆணி வந்தால் இனி ஆயுளுக்கும் உனக்கு யோசனை சொல்ல மாட்டேன். எனக்காகச் செய். கெஞ்சுகிறேன்.
டெஸ்.


விக்
ஜனவரி 10, 2018

அன்புள்ள அண்ணனுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வரவில்லை. அறுபது வருடத்தில் இது முதல் முறை. அண்ணி அனுப்பிய அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்தது. தொலைபேசியில் கேட்டால், "அவரே எழுதுவார் டெஸ், எழுதும்போது எழுதுவார்" என்கிறார். உடம்புக்கு ஒன்றுமில்லையே? அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் என்ன ஆயிற்று? நான் செய்தது தவறா என்று தினமும் யோசிக்கிறேன். தவறென்றால் திட்டியாவது எழுது.

உன் தம்பி,
டெஸ்மண்ட்


கிரெஸ்டன்
பிப்ரவரி 11

அன்புள்ள தம்பி டெஸ்மண்ட்,

நாங்கள் நலம். உன் இடுப்பும் மற்றவர்களும் நலம் என்று ஹேசல் சொன்னாள். இரண்டு மாதம் பதில் போடாததற்கு உன் மேல் இருந்த கோபம் பாதிக் காரணம். மீதி வெட்கம். இரண்டையும் வரிசையாகச் சொல்கிறேன்.

உன் அட்டை 13ஆம் தேதி காலையில் வந்தது. நீ கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. என் மிதிவண்டியை உடைத்தபோதுகூடக் கெஞ்சாதவன். அதற்காகத்தான் போனேன். டேப்பைத் தூக்கினேன், எல்லாவற்றையும் தலைகீழாக்கினேன், வேலியோரம் போனேன்.

நாலாவது வீச்சில் உறுமியது. கால் தானாக நகர்ந்தது, டெஸ்மண்ட். மூன்று அடி தாண்டிய பிறகுதான் உன் அட்டை நினைவுக்கு வந்தது. திரும்பி வந்து, திட்டிக்கொண்டே தோண்டினேன். இடைக்கால எட்வர்ட் மன்னரின் வெள்ளிப் பென்னி. நகத்தளவு, வெள்ளை வெளேரென்று. அடுத்த உறுமல், விக்டோரியா ராணியின் மூன்று பென்ஸ். அடுத்தது ஆறு பென்ஸ். ஒரு மணி நேரத்தில் ஐந்து காசு. பதினெட்டு மாதமாகச் செத்துக் கிடந்த வயலில்.

முதலில் சந்தோஷம்தான். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் குழப்பம் வந்தது. குரலை மாற்றினால் காசு எப்படி மண்ணுக்குள் வரும்? காசு முன்பும் அங்கேதான் இருந்திருக்க வேண்டும். கருவியும் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனேன். அப்பாவின் ஷில்லிங் இன்னும் ரோஜாச் செடிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. செட்டிங்கைப் பழையபடி வைத்தேன். ஹேசலைக் கூப்பிட்டு எதிரில் நிற்கச் சொன்னேன்.

"கத்துதா?"

தலையை ஆட்டினாள்.

"இப்ப?"

இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். எனக்கோ தோட்டம் அவ்வளவு அமைதியாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய், அடி கருகிய கெட்டில் இரண்டையும் கொண்டுவந்து புல்தரையில் வைத்தாள். பிறகு என் காதருகே வந்து கத்தினாள். "ரெண்டு வருஷமா நானும் கத்துறேன், கெட்டிலும் கத்துது, நீ கெட்டிலைத்தான் குறை சொன்னே!" சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

மறுநாள் மனுவோடுதான் கூட்டத்துக்குப் போனேன். தலைவர் என்னைப் பேசச் சொல்லிக் கையைக் காட்டினார். எழுந்து நின்றேன். "பதினோரு பேர் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என் பேச்சை நம்பிப் போட்டீங்க. மால்கம் எதையும் புதைக்கல. எனக்குத்தான் காது கேக்கல. கீச்சுனு வர்ற சத்தம் காதுல விழாது, வெள்ளி கத்துனா கேக்காது. அவர் என் தடத்துல எடுத்ததெல்லாம், நான் செவிடா மிதிச்சிட்டுப் போனது" என்றேன். காகிதத்தை அங்கேயே கிழித்தேன். அதற்கப்புறம் கூடம் சத்தம் போட்டதா, சும்மா இருந்ததா, எனக்குத் தெரியாது.

மால்கம் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் ஏதோ சொன்னார், எனக்கு ஒரு எழுத்தும் விழவில்லை. அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஹேசலைப் பார்த்தேன். அவள் கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "ஞாயித்துக்கிழமை எந்தப் பக்கத்துலருந்து ஆரம்பிக்கலாம்னு கேக்குறாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பது கண்ணுக்குத் தெரிகிறதே. அப்பா மாதிரி நானும் கூடவே சிரித்தேன். ஆனால் எனக்கு எதற்கென்று தெரிந்திருந்தது.

இப்போது உன் மேல் உள்ள கோபம். வடக்கில் புது வழக்கமாம்! விக்கில் டிடெக்டர் வைத்திருக்கிறவன் நீ ஒருவன்தான் என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். நவம்பரிலேயே உனக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை. சின்னப் பிள்ளைக்கு மருந்தை ஜாமில் வைத்துக் கொடுக்கிற மாதிரி கொடுத்திருக்கிறாய். ஒரு மாதம் உன்னை மனதுக்குள் திட்டினேன். அப்புறம், நேரே எழுதியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று யோசித்தேன். கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, அந்த மனிதரை ஊரைவிட்டே ஓட்டியிருப்பேன். நீ தூக்கிப் போட்டாயே, அந்த இரண்டு கடிதத்திலும் அதுதானே இருந்தது? நல்லவேளை, அனுப்பவில்லை. ஆனால் இனிமேல் என்னிடம் நேரே சொல்.

டேப்பை முழுவதும் கிழித்துவிட்டேன். எண்ணைப் பார்த்தும் தோண்டுகிறேன், உறுமலைக் கேட்டும் தோண்டுகிறேன். மால்கம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவர் என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்றி ஆட்டுவார். அட்டிங் பார்த்துவிட்டு, கேட் சாவியை எங்கள் கண்முன்னால் ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை வெயில் அடித்தது. மால்கம் வயல் நடுவில் நின்று தொப்பியை ஆட்டினார், காசு கிடைத்திருக்கிறது என்று ஓடினேன். அவர் தரையைக் காட்டவில்லை, மேலே காட்டினார். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு புள்ளி நின்றுகொண்டிருந்தது. அவர் வாயைப் பார்த்தேன், வானம்பாடி என்று சொன்னார்.

"எவ்வளவு நேரமா பாடுது?" என்று கேட்டேன்.

நாம் வந்ததிலிருந்தே என்று கையால் காட்டினார். அட்டிங்கின் மருந்தின் மேல் போட்ட பழியையும் நான் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் காதுக் கருவி மாட்டுகிறார்கள். இரண்டு காதுக்கும். முதலில் எல்லாம் தகரச் சத்தமாகக் கேட்கும், பழக வேண்டும் என்றார்கள். புதன்கிழமை மதியம் ஒரு மணிக்குத் தொலைபேசியில் கூப்பிடு. நானே எடுக்கிறேன்.

உன் அண்ணன்,
நெவில்